ஏரியில் ஒற்றை விசில்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவியும் சுகம், என் இடுப்பு ஒன்றைத் தவிர. அதன் விவரம் கீழே வரும். அங்கு உங்கள் சுகமும், என் தங்கை சுகமும், உங்கள் புது முழங்காலின் சுகமும் அறிய ஆவல்.

நேற்று தங்கை போனில் அழுதாள். ஆபரேஷன் முடிந்து எட்டு வாரமாகியும் நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லையாம். முழங்கால் நன்றாக இருக்கிறது, நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னால், "போறதுக்கு எனக்கு ஒரு இடமும் இல்ல" என்கிறீர்களாம். "நீ சொன்னாத்தான் அவர் கேப்பார். புத்தி சொல்லி ரெண்டு வரி எழுதுண்ணே" என்றாள். எழுதுகிறேன். மாப்பிள்ளை, நீங்கள் செய்வதுதான் சரி. எழுந்திருக்கவே வேண்டாம். எழுந்து நின்றவன் கதி என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நம் வண்டி ஏரிக்கரை நிறுத்தத்துக்கு எப்போதும் நான்கு நிமிடம் முன்னதாகவே வந்து நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? நேரத்துக்கு முன்னால் கிளம்பினால் டைம்கீப்பர் புகார் எழுதிவிடுவார் என்று இஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்ப்பீர்கள். இருபத்திரண்டு வருடம் நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர், தினமும் அந்த நான்கு நிமிடம். ஒரு மழை நாளில், கூரை ஒழுகி நான் டிக்கெட் கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றபோது, "இது மேல ஒருநாள் நின்னு பாக்கணும்யா" என்றீர்கள். "தண்ணி மேல நிக்கறவங்களுக்கு நம்மகிட்ட டிக்கெட் இல்லியே" என்றேன். வண்டி முழுக்கச் சிரித்தது, நீங்கள் சிரிக்கவில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எவ்வளவு நல்ல நாட்கள் அவை! கழுத்து வியர்வையில் காலர் ஒட்டிக்கொள்ளும், டீசல் வாசனை சாப்பாட்டு டப்பா வரைக்கும் வரும், ஆனாலும் இன்னொரு தரம் அந்தப் படியில் ஏறச் சொன்னால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவந்து ஏறுவேன்.

அந்த ஏரி ஞாபகத்தில்தான், பம்பால் காற்றடித்தால் விறைத்து நிற்கும் பலகை ஒன்று வந்திருக்கிறது, அதன் மேல் நின்றுகொண்டே துடுப்புப் போட்டு ஏரியைச் சுற்றலாம் என்று தெரிந்ததும் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நல்ல மனிதர். "மொத தடவைன்னா அகலமாப் பாத்து எடுங்க சார். முப்பத்திநாலு அங்குலமாவது இருக்கணும். ஒல்லியா இருக்கிறது வேகமாப் போகும், ஆனா ஆளைக் கவுத்துடும்" என்றார். "தம்பி, நான் முப்பத்தோரு வருஷம் ஓடற பஸ்ல கம்பியைப் பிடிக்காம நின்னவன்" என்று சொல்லி ஒல்லியானதைத் தூக்கிக்கொண்டேன். எத்தனை கிலோ தாங்கும் பலகை வேண்டும் என்பதற்காக என் எடையைக் கேட்டார். சொன்னேன். "அது வேலைக்குச் சேரும்போது டாக்டர் எழுதினது" என்று என் மனைவி கடையிலேயே மானத்தை வாங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பொறுமை இல்லாமல் கூடத்திலேயே பம்பை மாட்டிக் காற்றடிக்க ஆரம்பித்தேன். நூறு தடவை அடித்தும் அழுத்தம் காட்டுகிற முள் அசையவில்லை. பம்பு பழுது என்று நினைத்தேன். கடைசியில்தான் முள் நகருமாம், அதைக் குறிப்புத்தாளில் பிறகு படித்தேன். "மூச்சு வாங்கறது உங்களுக்கா, அதுக்கா?" என்றாள் மனைவி. முள் பதினைந்தைத் தொட்டபோது பலகை கல்லாக இறுகியிருந்தது, பத்தரை அடி நீளம், நாங்கள் இருப்பதோ இரண்டாவது மாடி. வாசலைத் தாண்டியது, மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. நான் பின்னால் நின்று "வரட்டும் வரட்டும், வலது ஒடி, இன்னும் ஒடி, ஹோல்டான்!" என்று வழி சொல்ல, முன்னால் பிடித்திருந்தவள் "அண்ணன் இருந்தா இதை எப்பவோ வளைச்சிருப்பார்" என்று உங்களைப் புகழ்ந்தாள். வேறு வழியில்லாமல் அடைப்பானை அமுக்கினேன். மொத்தக் காற்றும் ஒரேயடியாகச் சீறிய சத்தத்தில் கேஸ் கசிகிறது என்று நினைத்து, கீழ்வீட்டுத் தையல்காரம்மா பாதி தைத்த சட்டையும் கையுமாகத் தெருவுக்கு ஓடிவிட்டார். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அடுத்த நாள் ஏரி. அங்கே சொல்லிக்கொடுக்கிற பெண் பலகையின் கயிற்றை என் கணுக்காலில் கட்டினாள், மிதவைச் சட்டை மாட்டினாள், முதலில் முட்டி போடச் சொன்னாள். பிறகு நடுவில் இருக்கிற கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் கால்களை வைத்து எழுந்து, முட்டியைச் சற்று மடக்கி, காலைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்க வேண்டுமாம். எனக்கா தெரியாது? எழுந்தேன். ஒரு காலை முன்னால் வைத்து, வழக்கம்போல இடுப்பைச் சீட்டின் விளிம்பில் சாய்த்தேன். சீட் இல்லை. அது முதல் முழுக்கு, விழுகிற வழியில் பலகை விளிம்பில் இடித்ததுதான் இந்த இடுப்பு வலி. இரண்டாம் தரம் ஒரு சின்ன அலை வந்ததும் கை துடுப்பை விட்டுவிட்டு மேலே கம்பியைத் தேடியது. மூன்றாம் தரம் படிக்கட்டில் யாராவது தொங்குகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். "பின்னால யாரும் இல்லீங்கய்யா, முன்னால பாருங்க" என்று அந்தப் பெண் கத்தியது தண்ணீருக்கடியில்தான் கேட்டது. நான்காம் தரம் எப்படியோ நின்றுவிட்டேன். காற்று பலகையை நாணல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனது. மிதவைச் சட்டையில் ஒரு விசில் தொங்குகிறது, கையும் வாயும் சும்மா இருக்குமா, வண்டியை நிறுத்த ஊதுவதுபோல ஒரு விசில் ஊதினேன். பலகை நிற்கவில்லை. இன்னும் பலமாக ஒன்று ஊதினேன். அந்த விசில் ஆபத்துக்கு உதவி கேட்பதற்காம். காவல் படகுக்காரர் சீறிக்கொண்டு வந்தார், நானே விழுவதற்குள் அவர் படகு கிளப்பிய அலை என்னைத் தள்ளிவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, "எதுக்குப் பெரியவரே ஊதினீங்க?" என்றார். "நிறுத்தச் சொன்னேன்" என்றேன். "யாரை?" என்றார்.

யாரை என்று கேட்டார், மாப்பிள்ளை. பலகையின் முன்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன், அங்கே டிரைவர் யாரும் இல்லை.

ஆகவே, நம் வயதுக்கு நாற்காலிதான் மரியாதை. பலகையைச் சுருட்டி அலமாரி மேல் போட்டுவிட்டேன், இனி இறக்குவதாக இல்லை. நீங்களும் அசையாமல் உட்கார்ந்திருங்கள். தங்கைக்கு என் ஆசிகள், பிள்ளைகளுக்கு என் அன்பு, உங்கள் டாக்டருக்கு என் அனுதாபம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் கண்டக்டர்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். ஒல்லிப் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரைத் தாங்குகிற அகலப் பலகை வாங்கியாகிவிட்டது. கம்பியைப் பிடிக்காமல் நின்ற பெருமையும் பொய். முந்தைய டிரைவர்களோடு போன ஒன்பது வருடமும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் பிரேக் போடுவதற்கு முன்னால் உங்கள் இடது தோள் ஒரு விரல் உயரம் ஏறும். வண்டியில் எங்கே நின்று டிக்கெட் கிழித்தாலும் என் ஒரு கண் அந்தத் தோளில்தான் இருக்கும். சொன்னால் உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று இத்தனை வருடம் சொல்லவில்லை. பலகையின் முன்பக்கம் நீங்கள் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு வரலாம், முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை வருகிறேன். வாசல் வரைக்கும் நீங்களே நடந்து வரவேண்டும். முன்னால் அந்தத் தோள் இல்லாமல் எனக்கு நிற்க வரவில்லை, மாப்பிள்ளை.