பூமாலை மாமாவைச் சாகடித்த ஞாயிற்றுக்கிழமை

சொந்தத்தில் யாரைச் சாகடிக்கலாம் என்று யோசித்தபடி இளவரசன் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

அவசரப்பட்டுப் போலீசுக்குச் சொல்லிவிடாதீர்கள். கோழி அறுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிற ஆள் அவர். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கொஞ்சம் கரும்பும், ஒரு பழைய வெள்ளைக் காரும், ஜெயசுதா என்ற மனைவியும் உடையவர். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெளியே இருக்க அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமையில் ஜெயசுதா குறுக்குக் கேள்வி கேட்காமல் அனுப்புகிற ஒரே இடம் சாவு வீடு. சாவு வீடு வேண்டுமென்றால் யாராவது செத்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். புதுச்சேரி போயிருந்தபோது ஒரு பெரிய கடைக்குள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கண்காட்சிக்கு வைத்திருந்தார்கள். இளவரசன் அதைக் கோயில் பிரகாரம் போலச் சுற்றிச் சுற்றி வந்தார். கம்பெனிப் பெண் பக்கத்தில் வந்து, "சார் என்ன தொழில்?" என்றாள். "சர்க்கரை" என்றார். ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர் சொன்ன பதில் அது. ஆலையே இவருடையது என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். இளவரசனும் பெரிய மனதோடு அதைத் திருத்தாமல் விட்டார். அப்புறம் போனில் அழைப்பு வந்தது. உளுந்தூர்பேட்டையில், வெள்ளைக்காரன் காலத்து விமான ஓடுபாதையில், ஞாயிறு பூராவும் புதுக் கார்களை இஷ்டத்துக்கு ஓட்டிப் பார்க்கலாம். இருநூறு வரைக்கும் போகும். ஓசி.

பொண்டாட்டியிடம் சொல்லிவிட்டே போகக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. எட்டு வருஷமாக ஜெயசுதா அந்த வெள்ளைக் காரை ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக இளவரசனிடம் ஒரே பதில்தான்.

"கியரு மாத்தறதுக்குக் கையில பலம் வோணும். அது ஆம்பள சமாச்சாரம்."

அந்த ஆம்பளை ஓட்டினால் வண்டி நாற்பதைத் தாண்டாது. மொபெட்டில் புல்லுக்கட்டு ஏற்றிப் போகிறவர்கள் ஹாரன் அடித்து இவரை முந்துவார்கள். அப்படிப் பொத்திப் பொத்தி ஓட்டியும் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. மெக்கானிக் முனியனை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டியும் அந்தத் தாகம் அடங்கவில்லை. போகட்டும். சாவி மட்டும் இவரிடம் இருந்தது. தூங்கும்போதுகூடச் சட்டைப் பையில்தான், சட்டை ஆணியில்தான். டிவி ரிமோட், பேங்க் கார்டு, வீட்டில் என்ன குழம்பு என்கிற முடிவு எல்லாம் கைவிட்டுப் போன பிறகு இளவரசனிடம் மிஞ்சியிருந்த ராஜ்யம் அந்தச் சாவி ஒன்றுதான். ஓடுபாதைக்கு அவளும் வந்தால் அதுவும் போய்விடும்.

ஆகவே ஒரு சாவு. பங்காளி வகையில் சாகடித்தால் தீட்டு வரும், கறி சாப்பிட முடியாது. ஜெயசுதா வகையில் சாகடித்தால் அவளே முதல் ஆளாக வண்டியில் ஏறிவிடுவாள். அம்மா வழியில் தேடினார். திருக்கோவிலூரில் ஒன்றுவிட்ட தாய்மாமன் பூமாலை இருந்தார். வயதும் ஆயிற்று, போக்குவரத்தும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் இளவரசன் அவரைக் கொன்றார்.

"ஜெயா, திருக்கோவிலூரு பூமாலை மாமா போய்ட்டாராம்."

பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஜெயசுதா நிமிரவில்லை. "எங்க போய்ட்டாரு?"

"மேல."

"அய்யய்யோ! இன்னாங்க ஆச்சு பெரியப்பாவுக்கு?" அவளுக்கு அவர் பெரியப்பா முறை.

"வயசுதான். ஜாஸ்தியாயிடுச்சு."

"நேத்து வரிக்கும் கம்மியாத்தான இருந்துச்சு?"

"சாவுல இன்னாடி கிண்டலு? நாளைக்கு எடுக்கறாங்க."

"அப்ப நானும் வரேன்."

"நீ வாணாம். கூட்டம். வெய்யிலு. எடுக்கறதுக்கு லேட்டாவும்."

"சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து ஜெயசுதா ஒரே பேச்சில் 'சரிங்க' சொன்னதே கிடையாது. புத்தியுள்ள புருஷன் அந்த இடத்திலேயே பூமாலை மாமாவை உயிரோடு எழுப்பியிருப்பான். இளவரசன் போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

காலையில் வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பியவரை வாசலில் ஒரு மலர்வளையம் மறித்தது. லாரி டயர் அகலம். நடுவில் ஓர் அட்டை. 'பூமாலை அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி. இளவரசன், ஜெயசுதா குடும்பத்தார்.'

"இது எதுக்குடி இப்போ?"

"தாய்மாமனுங்க. வெறுங்கைய வீசிக்கினு போனா நம்ம வூட்டப் பத்தி இன்னா பேசுவாங்க?" அவளே அதைக் கார் டிக்கியில் வைத்து மூடினாள். "அப்புறம், திரும்பி வந்தா நேரா உள்ள பூந்துடாதீங்க. சாவு வூட்டுக்குப் போயிட்டுத் தல முழுவாம வாசப்படி தாண்டக் கூடாது."

வழியில் அதை எங்காவது வீசிவிடத்தான் பார்த்தார். மனசு வரவில்லை. செத்தவர் இல்லாத மலர்வளையத்தை நடுரோட்டில் விட்டால் அது சொந்தமாக ஓர் ஆளைத் தேடிக்கொண்டால் என்ன செய்வது? அட்டையில் வேறு இவர் பெயர் இருந்தது. டிக்கியிலேயே கிடக்கட்டும் என்று நாற்பதில் உருட்டிக்கொண்டு போனார்.

ஓடுபாதையில் பந்தல், குளிர்ந்த மோர், வரிசையாகக் கார்கள். வண்டியைச் சோதித்து உள்ளே விட்ட ஆள் டிக்கியைத் திறந்தான். கம்பெனிப் பெண் ஓடி வந்தாள். மும்பைக்காரி. தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள், நம் ஊர்ச் சாவைக் கற்றுக்கொள்ளவில்லை.

"சார்! பூஜைக்கு மாலை கொண்டு வந்தீங்களா? ரொம்ப அழகு!"

இளவரசன் வாய் திறப்பதற்குள் மலர்வளையம் சிவப்புக் காரின் மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்தில் அவரை நிறுத்தி நாலைந்து போட்டோ எடுத்தார்கள். மோர் ஊற்றிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் மட்டும் அட்டையைப் படித்துவிட்டு, காரையும் இளவரசனையும் மாறி மாறிப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மலர்வளையத்தைக் கழற்றித் தள்ளி வைத்த பிறகு இளவரசன் ஏறினார். ஏறினார் என்பது தப்பு, இறங்கினார். தரையோடு தரையாக இருந்தது இருக்கை. வேட்டியைச் சுருட்டி மடிக்குள் செருகினார், தலையில் ஹெல்மெட்டை மாட்டினார்கள், பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்தார்.

"கியரு எங்க?" என்றார் இளவரசன் கையைத் துழாவி.

"கியர் தேவையில்ல சார். அதுவே மாத்திக்கும். நீங்க அமுக்குனா போதும்."

எட்டு வருஷத்துக் கைபலம் வீணாகப் போன வருத்தத்தில் கொஞ்சம் ஓங்கி அமுக்கிவிட்டார். கார் ஒரு உறுமல் உறுமிப் பாய்ந்தது. வயிறு பின்சீட்டுக்குப் போய்விட்டது. "அய்யோ ஜெயா!" என்று ஓடுபாதை முழுக்கக் கேட்கிற மாதிரி அலறிக் காலை எடுத்தார். எடுத்த கால் எடுத்ததுதான். இருநூறு போகிற கார் மிச்ச தூரத்தை நாற்பதில் கடந்தது. ஓரமாக ஒரு நாய் கூடவே நடந்து வந்தது.

வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "பரவால்ல. பிக்கப்பு கொஞ்சம் கம்மி" என்று தீர்ப்புச் சொல்லித் திரும்பினார். பந்தலுக்குள் ஜெயசுதா மோர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் பிணம் உட்கார்ந்திருந்தது. அதுவும் மோர்தான் குடித்தது.

"வா மாப்ள," என்றார் பூமாலை மாமா. "நேத்து ராத்திரி ஜெயசுதா போன் பண்ணித்தான் நான் செத்ததே எனக்குத் தெரியும், பஸ்ஸப் புடிச்சு ரெண்டு பேரும் வந்துட்டோம்." மலர்வளையம் அவர் மடியில் இருந்தது. அட்டையைத் தூரமாகப் பிடித்து நிதானமாகப் படித்தார். "பூவு நல்லா ஃப்ரெஷ்ஷா இருக்குது. இத்தன வருசத்துல ஒரு பொங்கலுக்கு எனக்கு ஒரு துண்டு வாங்கித் தந்தியா நீ? செத்தாத்தான் கெவனிக்கற."

இளவரசன் மடிக்குள் செருகியிருந்த வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டார். "ஜெயா... நீ எப்டி..."

"வேகமா ஓட்ற எடம், எதுனா ஆச்சுன்னா யாருக்குச் சொல்றதுன்னு ஒரு நம்பரு கேட்டாங்கள்ல. யாரு நம்பரு குடுத்தீங்க?"

"உன்து."

"வெள்ளிக்கெழமையே இந்தப் பொண்ணு போன் பண்ணி, மேடம் நீங்களும் வாங்கன்னுச்சு. நீங்க சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு சனிக்கெழம சாயங்காலம் வரிக்கும் காத்துக்கினு இருந்தேன். நீங்க பெரியப்பாவக் கொன்னீங்க."

சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் காத்திருந்ததைச் சொன்ன இடத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. இளவரசனுக்கு அது சுருக்கென்றது.

"உங்க டர்ன் மேடம்," என்றாள் மும்பைக்காரி.

"அவளுக்கு ஓட்டத் தெரியாதுங்க! லைசென்ஸே கெடயாது!"

ஜெயசுதா கைப்பையிலிருந்து லைசென்சை எடுத்து நீட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். உட்கார்ந்தாள். போனாள். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, கோடியில் திரும்பி, காது அடைக்கிற சத்தத்தோடு அவள் வந்து நின்றபோது பந்தலே கைதட்டியது. மாமா மலர்வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

"மேடம், எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் பயிற்சியாளர் வியர்வையைத் துடைத்து.

"வெள்ளிமல ரோட்டுல. வாராவாரம் மகளிர் குழு மீட்டிங்குன்னு சொல்லிட்டுப் போவேன். இவரு மத்தியானம் சாப்ட்டு அசந்து தூங்குவாரு. சட்ட ஆணியில தொங்கும்."

இளவரசனுக்கு மெக்கானிக் முனியன் முகம் கண்முன் வந்தது. நாலு பேர் முன்னால் திட்டியாயிற்று, இனி நாலு பேர் முன்னால் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

"சாவி," என்று கை நீட்டினாள் ஜெயசுதா.

"ஜெயா, ஊருக்குள்ள யாருக்கும் இது..."

"சாவி."

கொடுத்தார். வெள்ளைக் காரில் மாமா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் இளவரசனும் மலர்வளையமும். வண்டி எண்பதில் பறந்தது. அது எண்பது போகும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். கள்ளக்குறிச்சி வந்தது. வீட்டுக்குத் திரும்புகிற முக்கும் வந்தது. வண்டி திரும்பாமல் கச்சிராயபாளையம் ரோட்டைப் பிடித்தது.

"இன்னா இது! வூடு அந்தப் பக்கம்!"

"காலையிலயே சொன்னேனே. சாவு வூட்டுக்குப் போயிட்டுத் தல முழுவாம உள்ள வுட மாட்டேன்."

"அதுக்குக் கொல்லையில பைப்பு இருக்குதே!"

"தாய்மாமனுங்க. பைப்புத் தண்ணி பத்தாது."

கல்வராயன் மலை வளைவுகளில் வண்டி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அவள் கியரை மாற்றினாள், சுண்டு விரலால் மாற்றுவது போல. இளவரசன் மலர்வளையத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பெரியார் அருவியில் மழைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வேட்டியை வரிந்துகட்டி, பல் கிட்டிக்க, ஒரு கால், ஒரு தோள் என்று அவர் ஓரமாக நனைந்துவிட்டு நழுவப் பார்த்தார்.

பாறையில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்த பூமாலை மாமா குரல் கொடுத்தார்.

"தல நனையல மாப்ள! நல்லா உள்ள போயி நில்லு. செத்தது நானு, அந்த மரியாதகூட வாணாமா?"