பதினோரு நாள் மாத்திரை விரதம்

கல்கத்தா
14-9-1974

சௌபாக்கியவதி பாகீரதிக்கு வைத்தீஸ்வரன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இந்தத் தடவை அப்படி எழுதக் கை கூசுகிறது. அவ்விடத்து க்ஷேமத்தையாவது எழுதவும்.

முட்டி வலி மாத்திரையை விட்டால்தான் மெட்ராஸில் ரயில் ஏறுவேன், வயிறு புண்ணாகி நீங்கள் அவஸ்தைப்படுவதைப் பார்க்க என்னால் ஆகாது என்று உன் தம்பி வீட்டிலிருந்து எழுதினாயே, அன்றைக்கே நிறுத்திவிட்டேன். இன்றோடு பதினோரு நாள். நாலு வருஷமாக வேளை தவறாமல் வாங்கிப் பழகிய உடம்பு சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் முட்டி வலி திரும்பி வந்தது, வரும்போது தலைவலியையும் கூட்டிக்கொண்டு வந்தது. நாலாம் நாள் தூக்கம் போயிற்று, ஐந்தாம் நாள் கோபம் வந்தது. லேக் மார்க்கெட்டில் பன்னீர்செல்வம் காபிப்பொடிக் கடைக்குப் போய், சிக்கரிக்கு நடுவே காபியைத் தேடவேண்டியிருக்கிறது என்று ஊர் கேட்கக் கத்திவிட்டேன். அப்புறம் வெட்கமாகி, "மாத்திரையை நிறுத்தினதால வந்த கோபம்ப்பா, மனசுல வெச்சுக்காதே" என்றேன். அவன், "அப்படியா சாமி? எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்கிறான். அலிப்பூர் ஆபீசில் இதைவிட மோசம். மேஜைக்கு வந்த லீவு விண்ணப்பத்தில் 'காரணம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதி மேலே அனுப்பிவிட்டேன். சாயங்காலம் பார்த்தால், ஹவுராவில் உன்னை வந்து அழைத்துப்போக நான் போட்ட லீவு அது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலிக்கிறது என்று சொல்ல ஆளில்லாத வீட்டில் வலித்து என்ன பிரயோஜனம், நீயே சொல். ஆகையால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவனுக்கு இரக்கப்பட்டு உடனே டிக்கெட் எடுக்கவும். மைத்துனன் ராமனுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
வைத்தீஸ்வரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது தெருமுனை டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்தார். நாலாம் நாளிலிருந்து தலைவலிக்கு அவர் கலக்கித் தரும் ரோஸ் மிக்ஸ்சரைக் குடித்து வருகிறேன், பாட்டிலில் வேளைக்கு ஒரு கோடாகக் காகிதம் வெட்டி ஒட்டியிருக்கும். இவ்வளவு நன்றாகக் கேட்கிறதே, இதில் என்ன இருக்கிறது என்றேன். "நீங்கள் வழக்கமாக என்னிடம் வாங்கிச் சாப்பிடும் அதே மாத்திரைதான், பொடித்துச் சிரப்பில் கலந்தேன்" என்று வங்காள மொழியில் பெருமையாகச் சொன்னார். மாத்திரையாக இரண்டு வேளை சாப்பிட்டதை இப்போது தண்ணீராக மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கோபமெல்லாம் என் சொந்தக் கோபம்தான் போலிருக்கிறது. திங்கட்கிழமை முதல் நிஜமாக நிறுத்துகிறேன். பயணத்தை மட்டும் தள்ளிப்போடாதே, பாகீரதி. நீ பக்கத்தில் இருந்து திட்டினால்தான் இது நிற்கும்.