மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் எங்கள் இருமலும் நலம். உன் நலம் அறிய ஆவல். எட்டு வருடமாக நீ ஒரு வரிகூட எழுதாததால் ஆவல் கொஞ்சம் அதிகமாகவே சேர்ந்துவிட்டது.

கடிதம் ஏதும் இல்லாமல் நீ அனுப்பிய ஓவியம் வந்து சேர்ந்தது. முக்கால் பாகம் கறுப்பு, நடுவே ஒரு மஞ்சள் கீறல், மூலையில் கடுகளவு சிவப்புப் புள்ளி. உன் அண்ணி அதைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "எப்படி மாட்டினாலும் வயித்தைக் கலக்குது, இதுல மேல என்ன கீழ என்ன" என்றாள். எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது: ஆலையில் விஷவாயு கசிந்து உன் மனைவியையும் இன்னும் நாற்பது பேரையும் கொண்டுபோன நாள். ஆலையை மூடினாலும் ஆலையின் பேண்டு வாத்தியக் குழுவுக்கு நான்தானே இன்னும் தலைவன்? நினைவு நாளுக்கு இந்த ஓவியத்தையே இசையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

கறுப்பு முழுவதையும் அடித்தொண்டையில் முழங்கும் பெரிய ஊதுகுழலான டியூபாவுக்குக் கொடுத்தேன். டியூபா வாசிக்கும் தபால்காரர் நாலு எண்ணுவதற்குள் நாற்காலியில் சாய்ந்துவிட்டார், அவரை நிமிர்த்தித் தண்ணீர் கொடுத்தால் கிளாரினெட் தையல்காரருக்கு இருமல் பிடித்து, அது வரிசையாகப் பரவி, இருபத்திரண்டு பேரும் இருமி முடித்தபோது ஒத்திகை நேரமும் முடிந்துவிட்டது. அந்தக் காற்றைக் குடித்த நுரையீரல்கள்! ஆகவே இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு நிறுத்தம் எழுதினேன், நிறுத்தத்தில் இருமலையும் எழுதினேன், எழுதிக் கொடுத்த பிறகு பாவிகள் ஒருவர்கூடச் சரியான இடத்தில் இருமவில்லை. வாயுவான அந்த மஞ்சள் கீறலைப் புல்லாங்குழல் டீச்சர் ஊதினார். கேட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இதை என் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

சண்டை அந்தச் சிவப்புப் புள்ளியில்தான். தபால்காரர் ரத்தம் என்றார். அண்ணி, பிரஷ் சிந்தியிருக்கும் என்றாள். வாயு கசிந்தால் காவலறையில் எரியும் சிவப்பு விளக்கு அது என்று நான் அடித்துச் சொன்னேன். அன்று காவலறையில் இருந்தவன் நான். விளக்கு எரிந்த நொடியே ஆலைச் சங்கை ஒலித்தேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் உன் வீட்டுக்குக் கேட்கவில்லை. விசாரணையிலும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அதனால் முடிவில் டிரம்பெட்டுக்குச் சங்கு போல ஒரே ஒரு நீண்ட சுரம். டிரம்பெட் வாசிக்கும் சலூன்காரர், "இருபது நிமிஷம் சும்மா உக்காந்து ஒரே ஒரு தடவை ஊதணுமாண்ணே? இதுக்கு நான் எதுக்கு?" என்று கோபித்துக்கொண்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சி வைத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு மாலை அரங்கேற்றம். முன்வரிசையில் உனக்கு நாற்காலி போட்டிருக்கிறது. அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

மூச்சு முட்டாமல் நீடூழி வாழ வாழ்த்தும்,
அண்ணன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்றைய ஒத்திகையில் சலூன்காரர் அந்தச் சுரத்தை ஊதினார், மனுஷன் அற்புதமாக ஊதினார். அன்று அந்தச் சத்தத்தை ஊரில் யாருமே கேட்கவில்லை, தம்பி. சங்கை ஒலிக்க மேனேஜரின் அனுமதிக்காகப் போனைக் காதில் வைத்தபடி பதினோரு நிமிடம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க மாட்டேன். அந்தச் சுரத்தைத் தாளிலிருந்து அடித்துவிட்டேன். சலூன்காரர் எழுந்து, டிரம்பெட்டை உதட்டில் வைத்துப் பதினோரு நிமிடம் ஊதாமல் நிற்பார். "இதுக்கும் நான் வரணுமா?" என்றார். வரணும் என்றேன். அது முடிந்ததும் நான் சபையைப் பார்த்துத் திரும்பிக் காரணத்தைச் சொல்வேன். நீ வந்திருந்தால், உன்னைப் பார்த்துச் சொல்வேன்.