மாமாவின் மோட்டாருக்கு நான் வாங்கிய காற்றுத் தடுப்பு

நன்றாகத் துடைத்த கண்ணாடியைப் போல ஆபத்தான சாமான் உலகத்தில் வேறு கிடையாது. எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் நான் விரலால் தொட்டுப் பார்ப்பதைக் கேலி செய்கிறீர்களே, பிள்ளைகளா, அதன் காரணத்தை இன்று எழுதிவிடுகிறேன். (உங்கள் அம்மா சொன்னால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்லுவாள்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எட்டாவது வரை படித்தவன் என்பதால் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைப்பு. உங்கள் அம்மாவின் அப்பா, அதாவது என் மாமா, ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பழைய மோட்டார் வாங்கியிருந்தார். கித்தான் கூரை, மடக்கினால் திறந்த வண்டி. மாமா அதை மடக்கியேதான் வைத்திருப்பார். (மூடினால் உள்ளே போவது யாரென்று ஊருக்கு எப்படித் தெரியும்?) ஒருநாள் டி. கல்லுப்பட்டி போகையில் காற்று அவர் தலைப்பாகையைத் தூக்கிக் கண்மாயில் போட்டுவிட்டது.

"மாப்ள, காத்தத் தடுக்கப் பக்கவாட்டுல என்னமோ மாட்டுறாகளாம். நீ படிச்ச புள்ள, நல்லதாப் பாத்து மாட்டு. ஞாயித்துக்கிழமை அதே வண்டில சமயநல்லூர் அண்ணன் வீட்டுக்குப் போயி, ஒன் கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருவோம்" என்றார் மாமா.

மதுரையில் மோட்டார் சாமான் கடைக்காரர் ஒரு செல்லுலாய்டு தகட்டைக் காட்டினார்.

"இத வாங்குங்க தம்பி. கொஞ்சம் மஞ்சளா இருக்கும், அம்புட்டுத்தான்."

"எங்க மாமா கண்ணுக்கு முன்னால மங்கலா எதுவும் நிக்கக் கூடாதுண்ணே. அந்தக் கண்ணாடி?"

"அது மாட்டுனதே தெரியாதே!"

"அதுதாண்ணே வேணும்!"

ஞாயிறு காலை அதை மாமா உட்காரும் பக்கம் மாட்டி, ஈரக் காகிதத்தால் அரைமணி நேரம் துடைத்தேன். எனக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பெருமை தாங்கவில்லை.

மாமா முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில். பின்சீட்டில் நான், உங்கள் அம்மா, நடுவில் மதில் சுவர் மாதிரி அத்தை. தலைப்பாகை அசையவே இல்லை. "பலே மாப்ள!" என்றார் மாமா. மனசுக்குள் மேளம் கொட்டியது.

மாமா வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். அவர் தொண்டையைச் செருமினால் பின்சீட்டில் இருப்பவர்கள் குனிந்துவிட வேண்டும். இது குடும்பச் சட்டம். சமயநல்லூருக்கு ஒரு மைல் முன்னால் மாமா செருமினார். அத்தை குனிந்தாள். உங்கள் அம்மா குனிந்தாள். நானும் குனிந்தேன். குனியாதவர் மாமா ஒருவர்தான்.

நிமிர்ந்து பார்த்தால், மாமாவின் முகம், மீசை, வெள்ளைச் சட்டை எல்லாம் ஒரே சிவப்பு!

"ஐயோ, கண்ணாடி வெடிச்சிருச்சு! ரத்தம்! ரத்தம்!" என்று அத்தை அலறிய அலறலில் டிரைவர் வண்டியை வரப்பில் ஏற்றிவிட்டார். நாள் குறிக்கப் போகிற வழியிலேயே மாமனாரைக் கொன்றுவிட்டேனே! மாமாவோ வாயைத் திறந்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார். வயலில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் குடத்துத் தண்ணீரை அப்படியே மாமா தலையில் கவிழ்த்தார். சிவப்பு வழிந்தோட, உள்ளே மாமா முழுசாக இருந்தார்.

தண்ணீர் ஊற்றியவர் மோந்து பார்த்தார். "என்னப்பா இது, ரத்தத்துல வெத்தல வாசம் அடிக்குது?"

மாமா மெதுவாகத் திரும்பினார். "இந்தக் கண்ணாடிய எவன்டா பாத்து வாங்குனது?"

"நான்தான் மாமா."

"வண்டியத் திருப்புடா ஊருக்கு!"

தீர்ந்தது கல்யாணம் என்று நினைத்தேன். அப்போது அத்தைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். அதுவரை என் காதுபட உங்கள் அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அவுக மேல என்னப்பா குத்தம்? மாட்டுனது தெரியக் கூடாதுன்னு வாங்கியாந்தாக. தெரியலைல்ல?"

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அத்தையின் குங்குமச் சிமிழை வாங்கி, கண்ணாடி நடுவில் ரூபாய் அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தார்.

"இனிமே தெரியும். சமயநல்லூருக்கே விடுடா."

ஈரச் சட்டையோடுதான் நாள் குறித்தார்.

போன வருஷம் எனக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. பளபளவென்று துடைத்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா குங்குமச் சிமிழோடு வருகிறாள்.

"கொஞ்சம் குனிங்க" என்கிறாள்.