நிச்சயதார்த்தத்தன்று நான் ஊதிய சங்கு

ஊருக்கு விதி எழுதுகிறவன், என்றைக்காவது ஒருநாள் அந்த விதி தன் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும் என்பதை மறந்துவிடுகிறான். நான் மறந்ததன் பலனை ஊரே பார்த்தது. நீர்மோர் குடித்துக்கொண்டே பார்த்தது.

சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், அன்று எழுந்து நடந்தவர்களில் பலர் இன்னும் நல்ல காலோடுதான் இருக்கிறார்கள். ஐம்பதுகளின் கடைசியில் அந்த ஊர் நகராட்சியில் நான் எழுத்தர். மேஜையில் பேனா ஒரு பக்கம், குண்டூசி டப்பா மறுபக்கம், நடுவில் நான். டப்பா இடம் மாறியிருந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. (இப்போதும் அப்படித்தான். இப்போது வீட்டில் வேண்டுமென்றே மாற்றி வைக்கிறார்கள்.)

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. வெடிச் சத்தம் கேட்டால் அசைய மாட்டார்கள். "கம்பெனில சாம்பிள் பாக்குறாக" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார்கள். புகை தெரிந்தால் ஓடுவார்கள். ஆனால் புகையை நோக்கி ஓடுவார்கள். ஒருமுறை ஒரு காகிதக் கொட்டகை தீப்பிடித்தபோது, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைத் தாண்டி நகராட்சித் தண்ணீர் லாரி உள்ளே போக முடியவில்லை. ஒருவர் தன் குழந்தையைத் தோளில் ஏற்றி, "அந்தா பாரு, அங்கன பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் காயமில்லை. ஆனால் கமிஷனரின் பொறுமை கருகிவிட்டது. அவசர நிலைக்கு ஒழுங்காக ஒரு நடைமுறை எழுதும்படி என்னிடம் சொன்னார்.

கரும்பு தின்னக் கூலியா? எழுதினேன். நகராட்சிக் கட்டிட மாடியில் இருந்த மின்சாரச் சங்கை விட்டு விட்டு மூன்று முறை ஊதினால் அவசர நிலை. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுச் சந்தைப்பேட்டை மைதானத்துக்கு நடக்க வேண்டும். எரிகின்ற எதையும், அடுப்போ பீடியோ விளக்கோ, உடனே அணைத்துவிட வேண்டும். மைதானத்தின் வாசலில் தீப்பெட்டியை ஒப்படைக்க வேண்டும். தண்ணீர் லாரி புகை வரும் இடத்துக்குப் போய், கேள்வி கேட்காமல் தண்ணீர் அடிக்க வேண்டும். சேர்மன் ஊரில் இல்லாவிட்டால் கமிஷனரும், அவரும் இல்லாவிட்டால் மேனேஜரும், அவரும் இல்லாவிட்டால் அலுவலகத்தில் இருப்பவர்களில் மூத்தவரும் அவசர நிலையை அறிவிக்கலாம். அறிவித்தவரே நீளமாக ஒருமுறை ஊதினால்தான் அது முடியும். கடைசியில், என் பேனா மிகவும் ரசித்து எழுதிய வரி: வாய்மொழி உத்தரவு செல்லாது.

முதல் ஒத்திகையில் சங்கு ஊதினோம். ஒரு ஈ காக்கை வரவில்லை. ஆபீஸ் பியூன் முத்திருளன் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னான்: "சங்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டாக சார்."

நான் யோசித்தேன். மைதானத்துக்கு வருபவர்களுக்கு நீர்மோர் கொடுக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்து, தமுக்கு அடித்துச் சொல்லச் செய்தேன். மோர் மைதானத்துக்கு எதிர் வீட்டில் எப்போதும் தயாராக இருக்கவும் ஏற்பாடு. அந்த ஒரு வரியின் சக்தியை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

இதே நாட்களில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஊரின் மேற்குக் கடைசித் தெருவில் வீடு. பெண்ணின் அப்பா சுப்பையா, விஸ்வநத்தம் சாலையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பெண் பெயர் செல்லக்கனி. அவள் கொண்டுவந்த காபித் தட்டில் டம்ளர்கள் கோணலாக நின்றன. நான் எடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு வேறு பெண் பார்க்கும் எண்ணமே இல்லை. அவள் வீட்டில் மட்டும் அவளுடைய பெரியப்பா, "ஆபீஸ் உத்தியோகம் சரிதான். ஆளு கொஞ்சம் கிறுக்கு மாதிரில்ல இருக்காக" என்று இழுத்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு வியாழக்கிழமை மாலை நிச்சயதார்த்தம். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் போய்த் தட்டு மாற்றுவார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே நான் ஆபீசுக்குப் போனேன். சேர்மன் மதராசில் இருந்தார். கமிஷனர் மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மேனேஜர் பல் பிடுங்கிக்கொண்டு வீட்டில் கிடந்தார். அன்று அந்த ஊரின் அரசாங்கம் முழுவதும் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சட்டைக் காலர் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டேன்.

மாலை நேரம் சரியில்லை என்று ஜோசியர் கடைசி நிமிஷத்தில் சொல்ல, நிச்சயத்தை நடுப்பகலுக்கு, ராகு காலத்துக்கு முந்தி, மாற்றிவிட்டார்கள். அதைச் சொல்ல என் தாய்மாமன் வேலுச்சாமி, ஆமத்தூரிலிருந்து வந்தவர், நேராக ஆபீசுக்கு வந்திருக்கிறார். வாசலில் முத்திருளன்.

"எம் மருமகனப் பாக்கணும்ப்பா."

"சொந்த வேலையா வந்தவுகள அஞ்சு மணிக்கு மேலதான் உள்ள விடணும்னு சார் உத்தரவு. அந்தப் பெஞ்சுல இருங்க."

"ஏலே, அவன் கல்யாண விசயம்லே!"

"அதவிடச் சொந்த வேலை வேற என்ன இருக்கு? உக்காருங்க."

மாமா உட்கார்ந்துவிட்டார். (உத்தரவு என்னுடையதுதான். முத்திருளன் மீது இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. நான் பார்த்ததிலேயே விதியை மதித்த ஒரே மனிதன்.)

உச்சி வெயிலில் மேற்கே சடசடவென்று வெடித்தது. சாம்பிள் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டி நகராட்சிக்குச் சொல்லிவிட்டு மாலையில்தான் பார்க்க வேண்டும். அன்று யாரும் சொல்லவில்லை. மாடிக்கு ஓடினேன். மேற்குத் தெருப் பக்கம் வெள்ளைப் புகை. அதன் மேல் ரோஸ் நிறம். அதன் மேல் பச்சை. பக்கத்திலேயே ஒரு கம்பெனியின் வெடிச் சரக்குக் கிட்டங்கி. அது என் மாமனார் வீட்டுத் தெரு அல்லவா! அவளைக் காப்பாற்ற வேண்டும் என்ற துடிப்பில் ஊதினேன். விட்டு விட்டு மூன்று முறை. விதிப்படி.

இறங்கி வந்தேன். பெஞ்சில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. வெளியார் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதிப்படி, முத்திருளன் என் மாமாவை அள்ளிக்கொண்டு போயிருந்தான்.

தெருவில் பார்த்தால், ஊர் நடக்கிறது! தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், அச்சாபீஸ்காரர்கள், பாதிச் சவரத்தில் எழுந்துவந்த ஒருவர், எல்லோரும் மைதானத்தை நோக்கி. எல்லோர் கையிலும் ஒரு செம்பு. என் கண் கலங்கியது. வாசலில் தீப்பெட்டிகள் கூடை கூடையாகக் குவிந்தன. இப்படி ஒரு ஒழுங்கை நான் கனவிலும் கண்டதில்லை.

மோர்ப் பானைப் பக்கத்திலிருந்து மாமா பாய்ந்து வந்தார். "ஏலே கிறுக்குப்பயலே! அது ஒன் நிச்சய வெடிலே! ஒன் மாமனாரு ஒனக்குன்னே தனியாச் செஞ்சு வச்சிருந்த கலர்ப் புகைலே!"

நான் திரும்பிப் பார்த்தேன். மைதான வாசலில் ஓர் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் சிலம்பக்கூடத்து ஆட்கள், வீடு வீடாகப் போய் ஆட்களை வெளியேற்ற நான் தேர்ந்தெடுத்திருந்த தொண்டர் படை. பின்னால் என் அப்பா அம்மா, வெற்றிலை பாக்குத் தட்டுகள், தேங்காய், பூ, பட்டுச்சேலையில் செல்லக்கனி. பெரியப்பா கையில் ஒரு குத்துவிளக்கு. அணைந்த குத்துவிளக்கு. எங்கள் வீட்டாரை வரவேற்கச் சரம் கொளுத்தி, எல்லோரும் உட்கார்ந்து, தட்டை எடுக்கும்போது தொண்டர் படை உள்ளே நுழைந்து "எரியுறது எதுவும் இருக்கக்கூடாது" என்று விளக்கை அணைத்திருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் லாரி. டிரைவர் அந்தோணி பக்கத்தில், தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட, என் மாமனார். மிச்சப் புகை அடங்கிவிட்டதா என்று பார்க்க வாசலுக்கு வந்து, அதன் பக்கத்தில் நின்றது அவர்தான். அந்தோணி கேள்வி கேட்கவில்லை.

பெரியப்பா மைதானத்தின் நடுவில் நின்று சொன்னார்: "தட்டு மாத்துறதுக்குள்ள வெளக்கு அணஞ்சுபோச்சு. அணச்சது மாப்பிள்ளையே. இதுக்கு மேல சகுனம் வேணுமா? எடுங்க தட்ட, வீட்டுக்குப் போவோம்."

ஊர் முழுக்க மோர் குடிப்பதை நிறுத்திவிட்டது. மாமனார் லாரியிலிருந்து இறங்கினார். வேட்டியைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே சொன்னார்:

"அண்ணே, சும்மா இருங்க. கம்பெனில நானும் மணி அடிச்சு அடிச்சுச் சொல்றேன், சத்தம் கேட்டா வெளிய ஓடுங்கலேன்னு. ஒரு பய எந்திரிக்க மாட்டான். இவுக ஒரு ஊதுதான் ஊதுனாக. அம்புட்டு ஊரும் எந்திரிச்சு வந்திருச்சு. இந்த ஆளுகிட்ட எம் பொண்ணக் குடுத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வரும்."

"வெளக்கு?" என்றார் பெரியப்பா.

அதுவரை தலைகுனிந்து நின்ற செல்லக்கனி, தலை நிமிராமலே பேசினாள். "அணச்சவுகளே ஏத்தட்டும் பெரியப்பா. ஆனா ராகு காலம் வாரதுக்குள்ள ஏத்தணும்."

அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அழுகிறாளோ என்று பயந்தேன். காபித் தட்டு நினைவுக்கு வந்ததும் பயம் போய்விட்டது.

தீப்பெட்டிக் கூடைக்குப் பாய்ந்தேன். முத்திருளன் குறுக்கே நின்றான்.

"சார், அவசர நிலை இன்னும் முடியல."

"முடிஞ்சிருச்சு முத்திருளா. நான் சொல்றேன்ல?"

"வாய்மொழி உத்தரவு செல்லாது சார்."

நாட்டில் பாதி அடுப்புக்குத் தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஊர். கண் முன்னால் கூடை கூடையாகத் தீப்பெட்டி. ஒரு குச்சி கிழிக்க வழியில்லை. கூட்டத்தில் யாரோ, "மாப்ள, ஓடுங்க! சங்கு அங்கன இருக்கு!" என்று கத்தினார்கள். லாரியில் தொற்றினேன். அந்தோணி தன் வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை. மாடிப்படியில் ஒரு செருப்பு கழன்றது. ஊதினேன். நீளமாக ஊதினேன். ஏழாயிரம்பண்ணை வரை கேட்டிருக்கும் என்று மாமா இன்றும் சத்தியம் செய்கிறார். (கேட்டிருக்காது. தூரம் அதிகம்.)

திரும்பி வந்தபோது ராகு காலம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. முத்திருளன் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நீட்டினான். ஒற்றைச் செருப்போடு, இரண்டு குச்சியை உடைத்து, மூன்றாவதில் விளக்கை ஏற்றினேன். சுடர் நின்றதும் ஊர் கத்திய கத்தலில் சந்தைப்பேட்டைக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. என் அப்பாவும் ஈர வேட்டி மாமனாரும் தட்டு மாற்றினார்கள். எங்கள் பக்கத்தில் இவ்வளவு பேர் பார்த்த நிச்சயதார்த்தம் வேறு கிடையாது. விருந்து, நகராட்சி நீர்மோர்.

கமிஷனர் மதுரையிலிருந்து திரும்பி, நடந்ததை எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். பிறகு என் விதிகளின் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: வீட்டில் விசேஷம் இருக்கும் நாளில் எழுத்தர் விடுப்பில் இருக்க வேண்டும்.

மாமனார் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் சரத்தைக் கொளுத்துமுன், "மாப்ள, புகை வரும். முன்கூட்டியே சொல்லிட்டேன்" என்று சொல்லாமல் இருந்ததில்லை. என் பிள்ளைகள் நான் எதற்காவது பதறினால் ஆளுக்கொரு செம்பை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்பார்கள்.

செல்லக்கனி மட்டும் வேறு மாதிரி. இத்தனை வருஷமாக, சாயங்காலம் விளக்கேற்றப் போகும்போது, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பாள்.

"அவசர நிலை முடிஞ்சிருச்சா? ஏத்தலாமா?"

நான் பேனாவை மூடி, அதன் இடத்தில் வைத்துவிட்டு, வாயாலேயே நீளமாக ஒருமுறை ஊதுவேன். வாய்மொழி உத்தரவு செல்லும் என்று எங்கள் வீட்டில் மட்டும் விதி திருத்தப்பட்டிருக்கிறது.