அமைதி மூலையில் ஆள் இருக்கிறது

பட்டாபிராம்,
வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து மச்சான் உலகநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் ஞானசேகரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் பவித்ராவும் நலம். அங்கு நீங்களும் அக்காவும், செவ்வாய்க்கிழமை முதல் உங்கள் வீட்டிலேயே இருக்கும் என் மனைவி யுவராணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு ஸ்டேஷன் தள்ளி நெமிலிச்சேரியில் இருக்கிறவனுக்கு எதற்கு இவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் ரெண்டாவது வாக்கியத்திலேயே "நீ மொதல்ல நிறுத்துய்யா" என்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து என் சட்டையைப் பிடிக்கப் போவதாகச் சொன்னீர்களாம். உங்கள் கோபம் ஊரறிந்தது. தயவுசெய்து அதற்கு முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

எல்லாம் நம் பவித்ராவின் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறாள். தண்ணீர் குடிக்க, பென்சில் சீவ, கடைசி பெஞ்சுப் பிள்ளையை நலம் விசாரிக்க என்று நாலாம் வகுப்பு முழுக்க ஒரு சுற்று வருகிறாள். போன வாரம் ரேகா டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் பொறுமையாகப் பேசினார். வகுப்பில் அவளுக்காகச் சில முறைகள் வைத்திருக்கிறார்களாம். சின்னக் குறும்பைக் கண்டுகொள்ளக் கூடாது, கத்திக் கேட்டால் காதில் வாங்கக் கூடாது, நல்லது செய்தால் என்ன செய்தாள் என்று குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும், கோபமோ எரிச்சலோ வந்தால் அமைதி மூலை என்று ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டுத் தணிந்ததும் எழுந்து வர வேண்டும். "ஸ்கூல்ல ஒண்ணு வீட்ல ஒண்ணுன்னா குழந்தை நம்பாது சார். வீட்ல எல்லாருமே ஒரே மாதிரி இருங்க" என்றார். இந்தச் சனிக்கிழமை அப்பா, அம்மா இருவரும் மறுபடி வர வேண்டும், அதற்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் விளையாட்டு பீரியடில் கணக்குத் தனி வகுப்பு என்றும் சொன்னார். அப்படியானால் கோ-கோ டீமை மறந்துவிட வேண்டியதுதான். மச்சான், உங்கள் மருமகள் ஓடுவதை நீங்கள் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

அதனால் நான் முழு மூச்சாக இறங்கினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறவனிடம் எல்லாரும் ஒரே மாதிரி என்று சொன்னால், அவன் எல்லாரையும்தான் ஒரே மாதிரி ஆக்குவான். முதல் நாள் சாப்பிடும்போது யுவராணியிடம், "இன்றைக்கு சாம்பாரில் உப்பை அளவாகப் போட்டிருக்கிறாய். நீ எடுத்த முயற்சியைக் கவனித்தேன்" என்றேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தினி வருசமா இன்னாத்த துன்னுகினு இருந்தே?" என்றாள். மறுநாள், கோபம் இருந்தும் கதவை அடித்துச் சாத்தாமல் மெதுவாகச் சாத்தியதற்குப் பாராட்டினேன். உடனே திறந்து மறுபடி சாத்தினாள். அந்தச் சத்தம் உங்கள் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். உங்களிடம் "அவருக்கு இன்னாமோ ஆயிடுச்சுண்ணே" என்று அவள் போன் செய்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து மோட்டார் விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து உங்கள் தங்கை ஏதோ கத்தினாள். கத்தினால் காதில் வாங்கக் கூடாதல்லவா, நான் வாங்கவில்லை. இன்னும் பலமாகக் கத்தினாள். "மெதுவான குரலில் சொன்னால் கேட்பேன்" என்றேன், டீச்சர் சொன்னது போலவே, புன்னகையுடன். அவள் சொன்னது மோட்டாரை நிறுத்தச் சொல்லி. மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி வழிந்து, மாடி வீட்டு ஓனர் மனோகரன் காயவைத்திருந்த அரிசி வடகமெல்லாம் குழாய் வழியே தெருவுக்கு வந்துவிட்டது.

மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "இன்னா சார், மோட்டார போட்டுட்டு தூங்கினு கீறீங்களா? பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று அவர் ஆரம்பித்ததும், பவித்ரா அவர் கையைப் பிடித்தாள். "தாத்தா, நீங்க கோவமா கீறீங்க. இங்க வந்து உக்காந்து பத்து வரைக்கும் எண்ணுங்க" என்று பிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். நாங்கள் அமைதி மூலை வைத்திருப்பது அங்கேதான். ஒரு பாய், நேரே டேபிள் ஃபேன். ஏழு வரைக்கும் எண்ணியது கேட்டது. எட்டு கேட்கவில்லை, குறட்டைதான் கேட்டது.

மறுநாள் அவரே வந்தார். "லைட்டா கோவமா கீது, செத்த உக்காந்துட்டு போறேன்" என்றார். முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. மேலே டிவி சத்தமாம், மருமகளும் மாமியாரும் ஆளுக்கு ஒரு சீரியலாம். அன்றைக்கே மறுபடி பேப்பரோடு வந்தார், அப்புறம் கண்ணாடிக் கூட்டோடு வந்தார், செவ்வாய்க்கிழமை சொந்தத் தலையணையோடு வந்தார். ஓனரிடம் எழுந்திரு என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு நான் யுவராணியிடம் தலை சீவியதைப் பாராட்டப் போக, அவளுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறி, சரி, முறைப்படி மூலையில் போய் உட்காருவோம் என்று போனால் அங்கே இவர் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். "இந்த ஊட்ல கோவிச்சிக்கினு உக்காரக்கூட எனக்கு ஒரு எடம் இல்ல" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். மச்சான், அவள் உங்கள் வீட்டுக்கு வந்த காரணம் இதுதான். நான் கை நீட்டவும் இல்லை, எனக்கு மண்டை குழம்பவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று பவித்ரா கணக்கு நோட்டைத் திறந்தாள், வழக்கம்போல எரிச்சல் வந்தது, மூலைக்கு ஓடினாள். "ஆள் கீது பாப்பா" என்றார் மனோகரன், கண்ணைத் திறக்காமல். திரும்பி வந்தாள். மறுபடி போனாள், மறுபடி ஆள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து வகுத்தல் கணக்கை எல்லாம் போட்டு முடித்துவிட்டாள் மச்சான். ஒன்று மட்டும்தான் தப்பு. "வெரி குட்" என்றேன். "அப்பா, அப்டி சொல்லக் கூடாது, இன்னா பண்ணேன்னு சொல்லணும்" என்றாள். "அதுக்கப்புறம் நீ எழுந்து போகலைடா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். யுவராணி பார்க்க வேண்டியதை நான் மட்டும் தனியாகப் பார்த்தேன்.

அதனால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை அவளைப் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள். இனி இந்த ஜென்மத்தில் சாம்பாரைப் பாராட்ட மாட்டேன். ஓனரை மேலே அனுப்பிவிட்டு அந்த மூலையை அவள் பேரிலேயே எழுதிவைக்கிறேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், அதுவும் அந்தக் கோபத்தோடு வரவே வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, என் மேல் உள்ள வருத்தமும் குறைய ஆண்டவனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாராட்டை எதிர்பார்க்காத
ஞானசேகரன்

பின்குறிப்பு: தபாலில் போட மறந்துவிட்டேன், இன்று சனிக்கிழமை, நானே ரயிலேறி வந்து இதை உங்கள் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போகிறேன். யுவராணி எனக்கு முன்னாலேயே பள்ளியில் வந்து உட்கார்ந்திருந்தாள். பவித்ரா இப்போது எழுந்து போவதே குறைந்துவிட்டதாம், கோ-கோ டீமில் இருக்கலாமாம். "வீட்ல என்ன பண்றீங்களோ தெரியல சார், ஆனா முழுப் பரீட்சை வரைக்கும் அதை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் டீச்சர். நான் வாயைத் திறப்பதற்குள் யுவராணி என் காலை மிதித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், மனோகரன் மகள் வீட்டுக்கு ஓசூர் கிளம்பிவிட்டார், வர ஒரு மாதம் ஆகுமாம். மூலை காலி. பவித்ரா கணக்கு நோட்டோடு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே மச்சான், மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் நாளைக்குக் கட்டாயம் வாருங்கள், அதே கோபத்தோடு வாருங்கள். தலையணை மட்டும் கொண்டு வந்துவிடுங்கள், ஓனர் அவருடையதை எடுத்துப் போய்விட்டார்.