ஈயத்தலை மீதான விசாரணை

மனிதனைக் காட்டுமிராண்டி நிலையிலிருந்து உயர்த்தியது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல, விசாரணைக் குழு. காட்டுமிராண்டியின் தூண்டிலிலிருந்து மீன் தப்பினால் அவன் தூண்டிலை மறுபடி தண்ணீரில் போடுவான். நாகரிகம் அடைந்தவன், மீன் தப்பியதற்கு யார் பொறுப்பு என்று கண்டறிய மூன்று பேரை நியமிப்பான். அந்த வகையில் வட அலபாமாவின் ஸ்லேட் ஃபோர்க் ஏரி பாஸ் மீன் கழகம் நாகரிகத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தது. மீன் மட்டும் அந்த உயரத்துக்கு வரவில்லை.

கழகத்தின் தலைவர் ஹாய்ட் கிரென்ஷா. ஊரில் டிராக்டர் கடை அவருடையது. செயலாளர் வெர்லன் பிக்கார்ட், அதே கடையில் உதிரிபாகங்கள் எடுத்துக் கொடுக்கிறவர். பகலில் ஹாய்ட் கேட்கிற போல்ட்டை எடுத்துக் கொடுப்பார். கூட்டத்தில் ஹாய்ட் கேட்கிற தீர்மானத்தை எடுத்துக் கொடுப்பார். பதினோரு ஆண்டுகளாகக் கழகத்தின் குறிப்பேட்டை எழுதிவந்த வெர்லன், நடந்த சம்பவம் எதையும் அதில் நுழையவிட்டதில்லை. அவ்வளவு கட்டுப்பாடான கை.

அக்டோபர் மாதம், அண்டை மாவட்டக் கழகத்துடன் போட்டி நடக்கவிருந்த காலை, ஹாய்ட்டும் வெர்லனும் ஏரிக்கரையில் இருந்த இரைக்கடைக்குப் போனார்கள். அங்கே சுவரில் இமோஜீன் டாட்லாக்கின் ஈயத்தலைகள் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கின. இமோஜீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஓய்வு நாட்களில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, தூண்டில் முள்ளின் கழுத்தில் ஒரு சின்னத் தலையை உருவாக்குவார். அந்தத் தலையை ஒட்டி ரப்பர் புழுவைக் கோர்த்து இறக்கினால், தலை ஏரியின் அடியில் உட்கார, புழு வாலை ஆட்டும். பாஸ் மீன் நம்பி வாயில் எடுக்கும். அப்போது சுண்டி இழுக்க வேண்டும். மொத்த வித்தையும் அவ்வளவுதான். அதற்குத் தலைவர் எதற்கு என்று கேட்பவர்கள் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை.

அன்று இமோஜீனும் கடையில் இருந்தார். ஹாய்ட் எடுத்த பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, அவர் கையிலிருந்த தூண்டில் கம்பையும் பார்த்தார்.

"அது வேண்டாம் ஹாய்ட். உங்க கம்பு நல்லா வளையுற கம்பு, தூண்டில் நரம்பும் சன்னம். சன்னக் கம்பி முள்ளா எடுத்துக்கங்க, லேசா சுண்டினாலே இறங்கிடும். இந்தத் தடிச்ச முள்ளு இறங்கணும்னா விறைப்பான கம்பு வேணும். புழுவும் வேற குண்டா வச்சிருக்கீங்க. அது முள்ளோட வாயையே அடைச்சுக்கும்."

"இதுல கண்ணு வரைஞ்சிருக்கே," என்றார் ஹாய்ட்.

"அது வாங்குறவங்களுக்காக வரைஞ்சது. மீனுக்கு இல்ல."

"நான் பெரிய மீனுக்குப் போறேன், இமோஜீன். பெரிய மீனுக்குப் பெரிய முள்ளு. இது தலைமைப் பண்பு சம்பந்தப்பட்ட விஷயம், பஸ் ஓட்டுறவங்களுக்குப் புரியாது."

வெர்லன் இரண்டு பேரையும் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவில் அசைக்கத் தெரிந்த தலை அது.

போட்டி முடிய ஒரு மணி நேரம் இருந்தபோது ஹாய்ட்டுக்கு ஒரு யோசனை வந்தது. வெர்லனை அவருடைய கைப்பேசியிலேயே, 'மீன் கடிப்பதை உள்ளுணர்வால் அறிவது எப்படி' என்ற தலைப்பில் தாம் ஆற்றப்போகும் உரையைப் படம் பிடிக்கச் சொன்னார். வெர்லன் பிடித்தார். ஹாய்ட் படகின் முனையில் நின்று, ஏரிக்கு முதுகைக் காட்டியபடி, சிறந்த தூண்டில்காரனின் விரல்கள் எப்படி நரம்போடு பேசும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நரம்பு மெதுவாக இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. அதை அறியாத ஒரே விரல்கள் அந்த ஏரியில் ஹாய்ட்டுடையவை.

"தலைவரே, நரம்பு நகருது," என்றார் வெர்லன்.

"குறுக்கே பேசாத. குரல் பதிவாகிடும்."

உரையில் சுண்டும் கட்டம் வந்தபோது ஹாய்ட் சுண்டினார். படத்தில் நன்றாக விழ வேண்டும் என்பதற்காக இரண்டு கையாலும், இடுப்பை வளைத்து, தொப்பி பறக்கச் சுண்டினார். கம்பு அரைவட்டமாக வளைந்து வலிமை முழுவதையும் தானே விழுங்கிக்கொண்டது. தண்ணீருக்கு மேலே ஒரு மீன் எழும்பியது. வெர்லன் தம் வாழ்நாளில் பார்த்த மீன்களிலேயே பெரியது. அது வாயைத் திறந்து, புழுவைத் துப்பிவிட்டு, உள்ளே போனது. எடை மேடையில் கழகம் அந்த ஒரு மீனால் தோற்றது.

அடுத்த வாரமே குழு அமைக்கப்பட்டது. ஓய்வு பெற்ற பல் மருத்துவர் லாமார் புலக் தலைமை வகித்தார். யார் எதைச் சொன்னாலும் ஆமோதிக்கும் மூத்த உறுப்பினர் ஒருவரும், வெர்லனும் மற்ற இருவர். கெளுத்தி மீன் வறுவலுக்குப் பேர் போன உணவகத்தின் பின்னறையில் மூன்று அமர்வுகள் நடந்தன. தலைவர் சுண்டியது சரியா என்ற கேள்வி முதல் அமர்வின் முதல் நிமிடத்திலேயே 'விசாரணை வரம்புக்கு அப்பாற்பட்டது' என்று ஒதுக்கப்பட்டது. மீனை விசாரிக்க வழியில்லை. எஞ்சியது ஈயத்தலை. அதை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து மேசை நடுவே கொண்டுவந்தார்கள்.

இரண்டாம் அமர்வில் டாக்டர் புலக், முள் மொக்கையாக இருந்ததா என்று அறிய அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அது, மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்க்கூர் வரைக்கும் உள்ளே போய்விட்டது. உணவகத்து இடுக்கியால் முடியவில்லை. மருத்துவமனையில் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள். இந்தச் சோதனையின் முடிவை எப்படிப் பதிவு செய்வது என்று வெர்லன் கேட்டார்.

"எழுதிக்கப்பா," என்றார் டாக்டர், கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி. "மேற்படி முள் மீனுக்குள் இறங்க மறுத்து, உறுப்பினருக்குள் இறங்கியுள்ளது. ஆகவே அதன் நோக்கம் சந்தேகத்துக்குரியது."

வெர்லன் எழுதிக்கொண்டார். 'நோக்கம்' என்ற சொல்லுக்கு அடிக்கோடும் போட்டார். அவர் சட்டைப்பையில் இருந்த கைப்பேசியில், ஹாய்ட் ஏரிக்கு முதுகு காட்டி நிற்பதும், நரம்பு நகர்வதும், "நரம்பு நகருது" என்ற தம் குரலும் முழுசாகப் பதிவாகியிருந்தன. அதை ஹாய்ட்டுக்கு அனுப்பிவிட்டுத் தம்மிடம் ஒரு பிரதியை அழிக்காமல் வைத்திருந்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது. வெளியே எடுக்கப்போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

அறிக்கை வருமுன் இமோஜீன் டிராக்டர் கடைக்கு வந்தார். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வெர்லனுக்கு நேர் எதிரே நின்றார்.

"படகுல நீதான இருந்த, வெர்லன். அவர் சுண்டுறப்ப நரம்பு விறைப்பா இருந்துச்சா, தொளதொளன்னு இருந்துச்சா? அது ஒண்ணு மட்டும் சொல்லு."

வெர்லன் பின்பக்க அறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஹாய்ட் யாருக்கோ டிராக்டர் விற்றுக்கொண்டிருந்தார்.

"மிஸ் இமோஜீன், நான் செயலாளர்தான். அவங்க சொல்றத எழுதுறதோட என் வேலை முடிஞ்சிடுது."

"அந்தப் பாக்கெட்ல என் பேர் இருக்கு. பதினாறு வருசமா ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல."

"குழு எல்லாத் தரப்பையும் கருத்துல எடுத்துக்கும்," என்றார் வெர்லன். அவர் காது சிவந்துவிட்டது. இமோஜீன் கொஞ்ச நேரம் அந்தக் காதையே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

'மன உறுதி குறைந்த முள்' என்று அறிக்கை தீர்ப்பளித்தது. டாட்லாக் ஈயத்தலைகளைக் கழகத்தினர் தொடக்கூடாது என்று இரைக்கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. கழகத்தைப் பகைத்துக்கொள்ள முடியாத கடைக்காரர், சுவரிலிருந்த பாக்கெட்டுகளை எடுத்துப்போகச் சொன்னார். இமோஜீன் அட்டைப்பெட்டியோடு வந்து அவற்றைக் கழற்றிக்கொண்டிருந்த அன்றைக்கு, ஹாய்ட் அங்கே பத்துப் பேருக்கு நடுவில் ஒரு விலைப்பட்டியலை விரித்து வைத்திருந்தார். இனிக் கழகத்துக்கென்று 'அதிகாரபூர்வ ஈயத்தலை' வரப்போவதாகவும், அதைத் தாமே, தம் கையாலேயே தேர்ந்தெடுத்ததாகவும் சொன்னார். அதிலிருந்த முள் முந்தையதைவிடத் தடிமன். கண்கள் இரண்டு பக்கமும். நெற்றியில் தலைவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளான ஹெச், சி. தலைவரின் தலையும் அந்தத் தலையும் ஒரே பொருளால் ஆனவை என்பதை மற்றவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஏப்ரலில் மறுபோட்டி. கழகத்தின் பதினான்கு படகுகளும் அதிகாரபூர்வத் தலைகளோடு போயின. எல்லாரிடமும் பழைய வளையும் கம்பு, சன்ன நரம்பு. மீன்கள் கடித்தன, யோசித்தன, துப்பின. அண்டை மாவட்டத்தார் படகு நிறைய மீனோடு வந்தார்கள். குளிர்காலத்திலேயே அவர்கள் இமோஜீன் வீட்டுக்குப் போய், எந்தக் கம்புக்கு எந்த முள் என்று கேட்டு வாங்கிப்போயிருந்தார்கள். கேட்பது அவர்களுக்கு அவமானமாகத் தோன்றவில்லை. பின்தங்கிய மாவட்டம்.

மறுபடி குழு கூடியது. இந்த முறை சிக்கல். ஈயத்தலையைக் குற்றம் சொன்னால் நெற்றியிலுள்ள எழுத்துகள் குறுக்கே வந்தன. டாக்டர் புலக், ஆர்டர் படிவத்தை நிரப்பியது யார் என்று கேட்டார். செயலாளர் என்றார் மூத்த உறுப்பினர். எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 'எழுத்துப்பிழையால் தடித்த முள் வரவழைக்கப்பட்டது' என்ற முடிவு அங்கேயே பிறந்தது. ஹாய்ட் சொன்ன முள் எண்ணைத்தான் எழுதினேன் என்று வெர்லன் சொல்ல வாயெடுத்தார். ஹாய்ட் அவர் தோளில் கை வைத்தார்.

"கழகம்னா நாலு பேர் விட்டுக்கொடுக்கணும், வெர்லன். இந்தத் தடவை நாலு பேரும் நீதான்."

உதிரிபாகப் பிரிவிலிருந்து வெர்லன், விற்பனைக்கு நிற்கும் டிராக்டர்களைக் கழுவும் வேலைக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் நாள், முழங்கால் வரை நனைந்து அவர் நின்றிருந்தபோது பள்ளிப் பேருந்து ஒன்று வெளியே வந்து நின்றது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த இமோஜீன், மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார்.

"உன் கழகத்துக்குக் கடுதாசி. செயலாளர் கையில கொடுக்கணுமாமே. இந்தா."

வெர்லன் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். தடித்த முள்ளை ஹாய்ட்தான் தேர்ந்தெடுத்தார், தம் கண் முன்னாலேயே சொன்னார், வெர்லன் மேல் பிழை இல்லை என்று நாலு வரி. கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, வேண்டுமானால் கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி.

"நீங்க எதுக்கு எனக்காக..." என்று இழுத்தார் வெர்லன்.

"உனக்காகன்னு யார் சொன்னா? நீ எனக்குச் செஞ்சது அப்படியேதான் இருக்கு. இது நான் பார்த்தது, அதனால எழுதினேன். அவ்வளவுதான்."

பேருந்து போன பிறகும் வெர்லன் காகிதத்தைப் பிடித்தபடி நின்றார். குழாயிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாலு வரியைக் கூட்டத்தில் வாசித்தால் தம் பெயர் மீளும் என்று தெரிந்தது. வாசிக்கும்போது ஹாய்ட் எங்கே உட்கார்ந்திருப்பார் என்பதும், தாம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தது. அன்று மாலை கூட்டத்துக்குக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போனார். நிகழ்ச்சி நிரலில் 'வரப்பெற்ற கடிதங்கள்' என்ற இடம் வந்தபோது டாக்டர் புலக் அவரைப் பார்த்தார்.

"ஏதும் இல்லை," என்றார் வெர்லன். அப்படியே குறிப்பேட்டிலும் எழுதினார். பிறகு தம் மீதான கண்டனத் தீர்மானத்தைத் தாமே எழுந்து நின்று, தெளிவான குரலில், நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி வாசித்தார். ஆதரித்து முதலில் உயர்ந்த கை அவருடையது. நடை மிகவும் நன்றாக இருந்ததாக ஹாய்ட் பாராட்டினார்.

பக்கத்திலிருப்பவரின் பெயர் கெடும்போது வாயைத் திறக்காதவனுக்கு எல்லா ஊரிலும் ஒரு பெயர் உண்டு. அதைக் கண்டுபிடிக்கக் குழு தேவையில்லை. தன்னைக் காப்பாற்ற வந்த உண்மையையும் சேர்த்து விழுங்கியவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று ஸ்லேட் ஃபோர்க் கழகத்துக்குத் தெரியவில்லை. ஆகவே அவரை அடுத்த மூன்றாண்டுகளுக்கும் ஒருமனதாகச் செயலாளர் என்றே அழைத்தது.